பத்தாம் பிறை சனியா, ஞாயிறா

குல்ஷன் அக்காவுக்கு ஜனவரி முதல் தேதி நவம்பரிலேயே வந்துவிடும். ஒன்றல்ல, ஐயாயிரம் ஆறாயிரம். சிவகாசியிலிருந்து தினசரித் தாள் கட்டுகள் மூட்டையாக வந்து இறங்கும். பொழிச்சலூரில், விமானங்கள் தாழப் பறக்கும் ஒரு தெருவில், இரண்டாவது மாடியில் இருக்கும் தன் வீட்டு முன்னறையில் அவற்றைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முருகனோ மாதாவோ ஏதோ ஒரு நீர்வீழ்ச்சியோ அச்சடித்த அட்டையில் கட்டைப் பொருத்தி, கம்பி பின் அடித்து, மேல்தாள் ஜனவரி ஒன்றுதானா என்று கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி வைப்பார். தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடையில் மளிகைக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் வருடக் கடைசியில் சும்மா கொடுக்கும் காலண்டர்களில் பல அவர் கைபட்டவைதான். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி தெருவே விழித்திருக்கும்போது அவர் முதுகுவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். "ஊருக்கெல்லாம் வருசத்த ஒட்டிக் குடுத்துட்டேன். நான் தூங்குனா இன்னா?" என்பார்.

அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. அவருக்கு நான் ஒரு தவறு செய்தேன். அது தவறுதானா, எவ்வளவு பெரிய தவறு என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஜோதிலட்சுமி. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அப்பா கோபு காசிமேட்டில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா பூவம்மாள் பம்மல் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். கணிதத்தில் பி.எஸ்சி. முடித்துவிட்டு இரண்டு முறை அரசுத் தேர்வு எழுதித் தேறாமல், அஸ்தினாபுரத்தில் மைதீன் பிச்சை பாயின் காலண்டர் கடையில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தேன். குல்ஷன் அக்கா பாயின் தங்கை. என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இரண்டு தெருதான். கடையிலிருந்து வேலைக் கட்டுகளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் வாங்கி வருவதும் என் பொறுப்பு.

காலண்டர் தொழிலில் புது வருடம் ஆடிப் பதினெட்டில் பிறக்கும். அன்றுதான் சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை வெளியிடுவார்கள். பாய் அந்த ஆல்பத்தைத் தன் வண்டியில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்க ஆரம்பிப்பார். நான் சேர்ந்த முதல் ஆடியில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆகஸ்டு மாதம் ஒரு மனிதர் புத்தாண்டு வாழ்த்து எந்த எழுத்தில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு திரிகிறாரே என்று.

தினசரித் தாள்கள் சிவகாசியிலிருந்து அச்சாகியே வந்துவிடும். நாங்களே தயார் செய்வது மாதக் காலண்டர்கள். அதில் ஒரு பள்ளிவாசல் ஜமாஅத்துக்காக ஒவ்வொரு வருடமும் பன்னிரண்டு தாளில் ஒரு காலண்டர் போடுவோம். ஆங்கிலத் தேதிக்குக் கீழே, பிறை பார்த்து எண்ணும் ஹிஜ்ரி தேதி சிறியதாக இருக்கும். ஒவ்வொரு தாளின் அடியிலும் பாய் ஒரு வரி போடச் சொல்வார்: 'பிறை தென்படுவதைப் பொறுத்து நாள் மாறலாம்.'

அந்த வருடம் டிசம்பர் தாளின் பின்பக்கம் காலியாக இருந்தது. பிள்ளைகள் படிக்கிற மாதிரி எதையாவது போடு என்றார் பாய். நான் உலகப் புத்தாண்டுகள் என்று எழுத ஆரம்பித்தேன். ஒரு வாரம் படித்தேன். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் பாபிலோனில் வசந்த காலத்துப் பிறையோடு வருடம் பிறந்திருக்கிறது. அந்தப் புத்தாண்டுத் திருவிழாவில் ராஜாவைக் கோயில் பூசாரி கன்னத்தில் அறைவாராம். கண்ணீர் வந்தால் வருடம் நன்றாக இருக்கும். ரோமாபுரியில் முதலில் மார்ச்சில்தான் ஆண்டு தொடங்கியது. ஏழாவது மாதம் என்று பெயர் வைத்த செப்டம்பர் இன்றைக்கு ஒன்பதாவதாக நிற்பது அதனால்தான். இங்கிலாந்தில் ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டு வரைக்கும் சட்டப்படி வருடம் மார்ச் இருபத்தைந்தில் பிறந்தது. எத்தியோப்பியாவில் பதின்மூன்று மாதம், செப்டம்பரில் புத்தாண்டு. ஸ்பெயினில் மணி பன்னிரண்டு அடிக்க அடிக்கப் பன்னிரண்டு திராட்சை தின்கிறார்கள். டென்மார்க்கில் நண்பர் வீட்டு வாசலில் தட்டை உடைக்கிறார்கள். நம் ஊரிலேயே நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அரசாங்கம் சட்டம் போட்டுச் சித்திரையிலிருந்து தைக்கு மாற்றியது. மூன்று வருடத்தில் மறுபடியும் சித்திரைக்கே வந்துவிட்டது.

கணிதம் படித்த எனக்கு, தொடக்கப் புள்ளி என்பது யாரோ ஒருவர் வைப்பதுதான் என்று தெரியும். கோட்டில் பூஜ்ஜியத்தை எங்கே வேண்டுமானாலும் குறிக்கலாம். ஆனாலும் உள்ளுக்குள் எங்கேயோ, உண்மையான புத்தாண்டு ஒன்று இருக்கும், எல்லோரும் அதைச் சுற்றித்தான் தடுமாறுகிறார்கள் என்று நம்பியிருந்தேன் போலிருக்கிறது. அது இல்லை என்றானதும் ஏமாற்றமாக இருந்தது. ஏன் ஏமாற்றம் என்று இன்னும் விளங்கவில்லை.

எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குப் பிடித்தது பாலித் தீவுதான். அங்கே புத்தாண்டு அன்று யாரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, விளக்கு ஏற்றக் கூடாது, விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள் என்றேன். தலைக்கு மேல் ஒரு விமானம் போய் முடியும்வரை காத்திருந்துவிட்டு அக்கா சொன்னார்: "ஏர்போர்ட்டையே மூடுவானுங்களா? அந்த ஊரு ஆளு யாராச்சும் இங்க வந்து கொஞ்சம் சொல்லக் கூடாதா, ஜோதி?"

எழுதியதெல்லாம் அந்தத் தாளில் அடங்கவில்லை. மிச்சத்தை முன்பக்கத்து அடியில் போட இடம் வேண்டும் என்று ஆரம்பித்துத்தான், நாள் மாறலாம் என்ற அடிவரியை எடுத்தேன். பிறகு எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று பன்னிரண்டிலும் எடுத்துவிட்டேன். இது சாக்கு. நிஜக் காரணம், எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. காலண்டர் அச்சடித்துவிட்டு நாள் மாறலாம் என்று சொன்னால் அது என்ன காலண்டர்? நிலவு எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று நொடிக் கணக்கில் சொல்ல முடிகிற காலம் இது. நானே கணக்குகளை எடுத்து ஒப்பிட்டுத் தேதிகளைப் போட்டேன். பாய் அப்போது ஆர்டர் அலைச்சலில் இருந்தார். ப்ரூஃப் தாளில் கடைப் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ரமலானின் முதல் நோன்பு அன்று விடியற்காலையில் அக்காவின் கணவர் யாசீன் மாமா இறந்துபோனார். ஏசி மெக்கானிக். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று அவர்கள் மகள் ரூக்சார் சொன்னாள்.

கணவனை இழந்த பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார்கள். அவசியம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. புது உடுப்பு, நகை, வாசனை எதுவும் கூடாது. வேற்று ஆண்கள் முன்னால் வர மாட்டார்கள். அந்த மாதங்கள் பிறைக் கணக்கில்தான் எண்ணப்படும். மாமா போனது ரமலான் முதல் நாள் என்பதால் கணக்கு சுலபமாக இருந்தது. ரமலான், ஷவ்வால், துல்கஃதா, துல்ஹஜ் என்று நான்கு மாதம் முடிந்து, முஹர்ரம் மாதத்தோடு ஹிஜ்ரிப் புத்தாண்டு பிறந்து, பத்தாம் பிறை அன்று சூரியன் இறங்கினால் இத்தா முடிந்தது.

அக்கா நான் போட்ட ஜமாஅத் காலண்டரைச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு நாளும் மாலையில் ஹிஜ்ரித் தேதியின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு வந்தார். கடையில் அச்சான கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளோடு நான் போகும்போதெல்லாம் அந்தக் கோடுகளைப் பார்ப்பேன். பத்திரிகையை மடித்து உறைக்குள் போட்டுக்கொண்டே என்னிடம் வெளியுலகச் செய்தி கேட்பார். மார்க்கெட்டில் வஞ்சிரம் என்ன விலை, கீழ் வீட்டு எப்சிக்கு மாப்பிள்ளை அமைந்ததா, இப்படி.

மே மாதம் ரூக்சார் ஒரு அழைப்பிதழோடு வந்தாள். பி.காம். பட்டமளிப்பு விழா, ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, கல்லூரி அரங்கம். பெற்றோர் இருவருக்கு அனுமதி. அவர்கள் குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. அக்கா எழுந்து போய்க் காலண்டரில் அந்த வாரத்தைப் பார்த்தார். பத்தாம் பிறை சனிக்கிழமை என்று இருந்தது. ஞாயிறு காலை அவர் போகலாம்.

"ஒரே நாளு. அல்லாவே பாத்து ஒரே ஒரு நாளு விட்டு வெச்சிக்கீறான் பாரு," என்றார். மாமாவின் இறப்புக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ரூக்சார் கல்லூரிப் படிவத்தில் அம்மா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஜூன் கடைசியில் அந்தப் புதன்கிழமை மாலை நான் அக்கா வீட்டில் இருந்தேன். அன்றைக்குப் பிறை தெரிந்தால் வியாழன் புத்தாண்டு. தெரியாவிட்டால் துல்ஹஜ் முப்பது நாளாக நிறைந்து, வெள்ளிக்கிழமைதான் புத்தாண்டு. மேற்கே மேகம் கட்டியிருந்தது. நான் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. அதுவரை என் காலண்டர் ஒரு நாளும் பிசகவில்லை. ரமலான் சரி, நோன்புப் பெருநாள் சரி, ஹஜ்ஜுப் பெருநாளும் சரி. சற்று நேரம் கழித்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எங்கும் பிறை தென்பட்டதாகத் தகவல் இல்லை. வெள்ளிக்கிழமை முஹர்ரம் முதல் நாள்.

அக்கா விரல் விட்டு எண்ணினார். வெள்ளி ஒன்று, சனி இரண்டு. பத்தாம் பிறை ஞாயிற்றுக்கிழமையில் போய் நின்றது. விழா காலை பத்து மணிக்கு. இத்தா மாலை ஆறரைக்கு மேல்தான் முடியும்.

நீங்கள் பிறை பார்த்துத்தானே நாள் எண்ணுவீர்கள், மாறும் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு மோசமான கேள்வி என்று தோன்றியது. அக்கா கோபப்படவில்லை.

"தெரியும் ஜோதி. வருசா வருசம் அடியில ஒரு வரி இருக்கும், மாறலாம்னு. இந்த வருசம் தாளு அடுக்கும்போது பாத்தேன், அது இல்ல. படிச்ச பொண்ணு எடுத்துட்டுதுன்னா இனிமே மாறாதுபோல, கணக்கா கண்டுபிடிச்சிட்டாங்கபோலன்னு நெனச்சிக்கினேன்."

நான் பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் கடையில் பாயிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜமாஅத் காலண்டரை எடுத்துப் பன்னிரண்டு தாளையும் திருப்பிப் பார்த்தார். "இருபத்திரண்டு வருசமா அந்த வரி இருந்துச்சு. ஒருத்தரும் படிக்கிறதில்லன்னுதான் நானும் நெனச்சிருந்தேன்," என்றார். அவ்வளவுதான்.

பிறகு பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்துக்குப் போன் செய்தார். பேசி முடித்துவிட்டுக் குழம்பிப்போய் உட்கார்ந்தார். அவசியம் இருந்தால் பகலில் போய்விட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம் என்று ஹஜ்ரத் சொன்னாராம். பட்டமளிப்பு விழா அவசியமா என்று பாய் கேட்டதற்கு, அது அந்தம்மாவின் மனதுக்குத்தான் தெரியும் என்றாராம். பாய்க்கு அது பதிலாகவே படவில்லை. நாலு மாதம் இருந்தவளுக்கு அரை நாள் பொறுக்க முடியவில்லையா என்று தெருவில் கேட்பார்கள், போக வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். ரூக்சாரோ அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. வர முடியாதவர்களுக்குப் பதிலாக வேறு யாரையாவது அழைத்து வரலாமா என்று கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் வேறு யாராவது என்று அவள் நினைத்தது என்னைத்தான்.

ஒரு வாரம் நான் தேடினேன். வேறு நாடுகளில் வியாழக்கிழமையே புத்தாண்டு பிறந்திருந்தது. சில இடங்களில் கணக்கை மட்டும் வைத்து முன்கூட்டியே நாளைக் குறித்துவிடுகிறார்கள். ஆக என் தேதி பொய்யில்லை. உலகத்தில் பல பேருக்குப் பத்தாம் பிறை சனிக்கிழமைதான். இதையெல்லாம் போனில் சேர்த்து வைத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை அக்காவிடம் போனேன். அவருக்கு உதவத்தான் போனேனா, என் கணக்கு சரி என்று நிரூபிக்கப் போனேனா என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசித்தாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "சரி, அந்த ஊர்ல வியாழக்கெழம பொறந்துது. நான் அந்த ஊர்லயா கீறேன்?"

எந்த ஊராக இருந்தாலும் நிலா ஒன்றுதானே என்றேன்.

"நிலா ஒண்ணுதான். மேகம் பொழிச்சலூரு மேகமாச்சே." பிறகு கேட்டார்: "உனக்கு எப்ப வருசம் பொறக்குது? உங்க வூட்ல?"

சித்திரை என்று சொல்ல வாயெடுத்தேன். சித்திரை ஒன்றுக்கு மறுநாள் அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடை ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் கூட்டுப் பொரியலோடு வருடம் பிறந்த அடுத்த நாளே அப்பா கரையில் உட்கார்ந்துவிடுவார். ஜூன் பதினைந்தில் படகு கடலுக்குள் இறங்கும்போதுதான் அம்மா முகம் மாறும். அதற்காக ஜூன் பதினைந்துதான் எங்கள் புத்தாண்டு என்று சொல்ல முடியுமா? ஜனவரி ஒன்றுக்கு நான் வாசலில் ஆங்கில எழுத்தில் கோலம் போடுகிறேன். கடையில் ஆடிப் பதினெட்டு. எதையும் நான் தேர்ந்தெடுத்ததில்லை. தெரியவில்லை அக்கா என்றேன்.

"உனக்குமா தெரியல?" என்றார், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு.

ஞாயிறு காலை எட்டரைக்கு, அக்காவின் இடத்தில் உட்காருவதற்காகப் பட்டுப் பாவாடை தாவணியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரூக்சார் அங்கியும் தொப்பியும் வாங்க முன்பே கல்லூரிக்குப் போய்விட்டாள். கதவைத் திறந்த அக்கா பழைய கறுப்பு புர்காவில் நின்றுகொண்டிருந்தார்.

"நானும் வரேன். அண்ணனுக்கு சொல்லிட்டேன். ஒண்ணும் பேசாம போன வெச்சிட்டாரு."

நான் மகிழ்ச்சியில் சனிக்கிழமைக் கணக்கை மறுபடி எடுத்தேன். அப்படிப் பார்த்தால் இத்தா நேற்றே முடிந்துவிட்டது, தவறே இல்லை என்றேன்.

"அத சொல்லாத ஜோதி. நேத்து முடிஞ்சிதுன்னு நானே என்ன ஏமாத்திக்கினு வரல. முடியலன்னு தெரிஞ்சேதான் வரேன். அவசியமான்னு என் மனச கேக்கச் சொன்னாங்க, கேட்டேன். கேட்டு வரேன். தப்புன்னா அது என் தப்பா இருக்கட்டும், உன் காலண்டரு தப்பா வேணாம்."

ஆட்டோவில் போகும்போது முகத்தை வெளியே திருப்பவே இல்லை. பம்மல் கடைத்தெருவில் நெரிசலில் நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். அரங்க வாசலில் இரண்டு மாணவிகள் சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளித்தார்கள். என் மேல் தெளித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பியதும் அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். வாசனை கூடாது. அந்தப் பெண் புரியாமல் விழித்தாள். அக்கா அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சுவரோரமாக உள்ளே போனார்.

நடுவரிசையில் இடம் இருந்தது. அங்கே வேண்டாம் என்று என்னை ஓரத்துக்கு இழுத்தார். இந்த அரங்கத்து ஏசி எல்லாம் யாசீன் மாமா ஏணி வைத்து ஏறிப் பார்த்ததாம். நடுவில் உட்கார்ந்தால் தலையில் தண்ணீர் சொட்டும், ரூக்சார் விழாவுக்கு வந்தால் ஓரத்தில்தான் உட்கார வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாராம். நாங்கள் உட்கார்ந்து கால்மணி நேரத்தில் நடுவரிசையில் ஒருவர் கைக்குட்டையால் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அக்கா குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரூக்சார் பெயரை வாசித்தபோது அவள் மேடையில் ஏறி, ரிப்பன் கட்டிய சுருளை வாங்கிக்கொண்டு, கேமராவைப் பார்க்க வேண்டியவள் எங்கள் பக்கம் பார்த்தாள். அம்மா வந்தது அவளுக்கு அப்போதுதான் தெரியும். புகைப்படக்காரர் அவளைத் திரும்பச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

விழா முடிந்ததும் வெளியே மரத்தடியில் அக்கா ரிப்பனை அவிழ்த்துச் சுருளைப் பிரித்தார். வெள்ளைத் தாள். இரண்டு பக்கமும் திருப்பினார்.

"ஒண்ணுமே எழுதலியேடி?"

எல்லோருக்கும் அப்படித்தான், சும்மா கையில் கொடுப்பது, நிஜச் சான்றிதழ் ஒரு மாதம் கழித்து ஆபீஸில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றாள் ரூக்சார். அப்போது நீ எப்போதிலிருந்து பட்டதாரி, ரிசல்ட் வந்த அன்றிலிருந்தா, இன்றிலிருந்தா, அந்தச் சான்றிதழ் வரும்போதிலிருந்தா என்று அக்கா கேட்டார். ரூக்சார் என்னைப் பார்த்தாள். எனக்கு நடந்த விழாவிலும் இதே வெள்ளைத் தாள்தான். எனக்கு அதைப் பிரித்துப் பார்த்துக் கேட்க யாரும் வரவில்லை. அன்று மீன் வரத்து அதிகம், அம்மாவால் கடையை விட முடியவில்லை. நானும் எப்போதிலிருந்து என்று யோசித்ததில்லை.

ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம். அக்கா கதவைச் சாத்தினார். வெளியே போய் வந்ததற்குக் கூடுதலாக ஒரு நாள் இத்தா இருக்க வேண்டுமா என்று கேட்டேன். தெரியாது, மீதி இருப்பதை ஒழுங்காக இருப்போம் என்றார். நானும் அங்கேயே இருந்துவிட்டேன். ரூக்சார் அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்கு வந்தாள். சாப்பிட்டோம். கொஞ்சம் தூங்கினோம். தலைக்கு மேல் விமானங்கள் போய்க்கொண்டிருந்தன. பாய் ஒருமுறை போன் செய்து, போட்டோ எடுத்தீர்களா என்று மட்டும் கேட்டார். மன்னித்துவிட்டாரா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஆறரை மணிக்கு மேல், சூரியன் இறங்கியதும், மஃரிப் பாங்கு கேட்டது. அக்கா தொழுதுவிட்டு எழுந்து வந்தார். ரூக்சார் அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பிறகு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, யாருடைய அனுமதியும் தேவைப்படாமல், கதவைத் திறந்து படியிறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். தெருவில் விளக்கு எரிந்தது. கீழ் வீட்டு எப்சி வாசலில் நின்றவள் அக்காவைப் பார்த்து, கடைக்குப் போகிறீர்களா என்று கேட்டாள். அக்கா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நாலு அடி நடந்து நின்றுவிட்டார்.

எங்கே போகிறோம் அக்கா என்று கேட்டேன்.

"காலைல போவக் கூடாதப்ப ஒரு எடம் இருந்துது," என்றார். "இப்ப எங்க போறதுன்னு தெரியல, ஜோதி."

எனக்கும் தெரியவில்லை. தெருமுனை வரை நடந்தோம். அங்கே சிறிது நேரம் நின்று, போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.